கீழ்வீட்டுக்கு ஒரு பெட்டி

என் நாத்தனார் பச்சையம்மாவுக்குக் காது கேட்காது. ஆனால் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்காக வாரம் முழுக்கக் காத்துக் கிடந்தவள் அவள் ஒருத்திதான். இதைச் சொன்னால் எங்கள் சொந்தத்திலேயே பாதிப் பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

என் மாமனார் தனக்கோடிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் சுந்தரவல்லி, குன்றத்தூரில் கொடுத்தது. அடுத்தவர் என் வீட்டுக்காரர் முனிரத்தினம். கடைசி பச்சையம்மா. முடிச்சூரில் நெல்லும் கேழ்வரகும் விளைவித்த குடும்பம். பச்சையம்மா பிறக்கும்போது நல்ல காதோடுதான் பிறந்தாள். பாவாடை கட்டுகிற வயதில் ஒரு காய்ச்சல் வந்து படுத்தவள், எழுந்தபோது கோழி கூவுவது கேட்கவில்லை என்றாளாம். அதற்கப்புறம் எதுவுமே கேட்கவில்லை.

அந்த வருஷம் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். பம்பை மேளம் அடிக்கிறவர் துரைராஜ் மாமா. என் மாமியாருடைய சித்தப்பா மகன். காய்ச்சலுக்கு முன்னால் எல்லாம் பச்சையம்மா அவர் பின்னாலேயே சுற்றுவாளாம். அன்றைக்கும் ஓடியிருக்கிறாள். அவர் கை அடிக்கிறது, ஜனங்கள் ஆடுகிறார்கள், இவளுக்கு ஒன்றும் இல்லை. நடுக்கூட்டத்தில் நின்று ஓவென்று அழுதிருக்கிறாள். துரைராஜ் மாமா அடிப்பதை நிறுத்தாமலே கண்ணால் கூப்பிட்டு, இடுப்பிலிருந்த பம்பையை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தாராம். அவள் அதன் வயிற்றில் கையை வைத்தாள். அழுகை நின்றுவிட்டதாம். இதை மாமியார் எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடிக்கும் துரைராஜ் மாமா பம்பையின் ஒரு பக்கம் பச்சையம்மாவுக்குத்தான். நான் கல்யாணமாகி வந்த மறு வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்து வந்த பம்பைக்காரர் வெளியூர். பொம்பளை கை படக்கூடாது என்று சொல்லிவிட்டார். பச்சையம்மா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றாள். பிறகு கூழ் ஊற்றுகிற இடத்துக்கு வருவதையே விட்டுவிட்டாள். மாப்பிள்ளை பார்த்தோம், படப்பையில் என் தாய்மாமன் வழியில் ஒரு இடம் வந்தது. வந்தவர்கள் அவளை ஏதோ கேட்டார்கள், அவள் வேறு ஏதோ சொன்னாள், காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாடு இருந்தது, அண்ணன் வீடு இருந்தது, என்னோடு பேச இருந்தது. அவள் பேச்சு ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மட்டமாக வரும். நான் வாயை அசைத்தால் போதும், அவளுக்குப் புரிந்துவிடும்.

முடிச்சூர் நிலமெல்லாம் மனை மனையாகப் போக ஆரம்பித்த காலத்தில், மாமனாருக்கு அவர் அம்மா வழியில் வந்த ஒரு துண்டு இடம் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கமாக இருந்தது. அதில் வீடு கட்டினோம். கீழே நாங்கள், மாடியில் குடித்தனம். பின்னால் மாட்டுக்கொட்டகை. அப்போது அந்தத் தெருவில் நாலைந்து வீடுதான். மீதியெல்லாம் சீமைக்கருவேலம் புதர். மாடு மேய்ந்துவிட்டுத் தானாக வீட்டுக்கு வரும். ரயில் போனால் தரை அதிரும். பச்சையம்மா வெறுங்காலோடு நின்று, போவது கரண்டு வண்டியா, கூட்ஸா என்று சொல்லிவிடுவாள். தப்பாது.

எண்பத்தாறோ, எண்பத்தேழோ, மாடிக்கு ஞானையா சார் குடிவந்தார். நாசரேத் பக்கத்துக்காரர். டெலிபோன் ஆபீசில் வேலை. மனைவி ஹில்டா டீச்சர். தட்டுமுட்டுச் சாமான் வந்த வண்டியில் முதலில் இறங்கியது இரண்டு பெரிய மரப்பெட்டி. ஆள் இடுப்புக்கு மேல் உயரம். முன்பக்கம் கறுப்புத் துணி கட்டியிருந்தது.

"இன்னா சார் இது, அலமாரியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஸ்பீக்கர் அண்ணாச்சி."

"இம்மாம் பெரிசா? எங்க ஊரு திருவிழாவுக்கே இதுல பாதிதான் சார் கட்டுவானுங்க!"

ஹில்டா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எங்க வீட்டுல கட்டில் கிடையாதுக்கா. நாங்க தரையிலதான் படுக்கோம். இந்த ரெண்டு பேருக்கு மட்டும் தனி ரூம்."

ஞானையா சார் அதைக் காதில் வாங்கவே இல்லை. பெட்டியின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து, சுவத்துல இடிச்சிராதீங்க" என்றபடி படியேறிக்கொண்டிருந்தார். பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப் போகிற மாதிரி.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அவர்கள் சர்ச்சுக்குப் போய்வந்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்த நேரம். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பச்சையம்மா என் பீரோவில் சாய்ந்தபடி அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். அந்த பீரோ என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்தது. கனமான இரும்பு. தரை சமமில்லை என்று ஒரு காலுக்கு அட்டை முட்டுக் கொடுத்து, சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தோம்.

திடீரென்று பரண் மேலிருந்து கிணிகிணி என்று சத்தம். தவலைக்குள் தவலையாக எவர்சில்வர் பாத்திரம் அடுக்கி வைத்திருந்தேன். பூனை என்று நினைத்து விளக்குமாற்றை எடுத்தேன். அப்புறம்தான் மாடியிலிருந்து பாட்டு வருவது கேட்டது. சர்ச்சில் வாசிக்கிற பெரிய ஆர்கன் பெட்டியின் பாட்டு என்று ஹில்டா பிற்பாடு சொன்னாள். அடிக்குரல் வருகிறபோதெல்லாம் பரண் பேசியது.

திரும்பிப் பார்த்தால், பச்சையம்மா கையில் அவரைக்காய் அப்படியே நின்றிருக்கிறது. முதுகை பீரோவிலிருந்து எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு திரும்பி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் பீரோக் கதவில் பதித்துக்கொண்டாள்.

"அண்ணி," என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "பம்பை!"

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அவளுடையது. மத்த நாளெல்லாம் பொழுது சாய்ந்து பால் கறப்பவள், ஞாயிறு மட்டும் வெயில் இறங்குமுன்பே கறந்து முடித்துவிடுவாள். முகம் கழுவி, தலை வாரி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து பீரோவில் சாய்ந்து உட்காருவாள். "இந்தப் பசுவுக்குக்கூட ஞாயித்துக்கெழம தெரிஞ்சி போச்சு" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. வாரமெல்லாம் உழைக்கிறவள் ஒரு நாள் முதுகு சாய்க்கிறாள் என்று நினைத்திருந்தார்.

எனக்கு அவள் பாட்டையே பிரித்துச் சொல்லுவாள். ஆர்கன் வந்தால் இரண்டு கையையும் அகல விரித்து, "பெரிசு" என்பாள். கொட்டு வைத்த பாட்டு வந்தால் தோள்பட்டையைத் தட்டிக் காட்டி, "இங்க அடிக்குது" என்பாள். வெறும் குரல் மட்டும் வருகிற பாட்டு அவளுக்கு எட்டாது. அப்போது முகத்தைச் சுளித்து, "சாருக்குப் பாட்டு எடுக்கத் தெரியல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவரைக்காயை எடுத்துக்கொள்வாள். நானோ அந்த நேரத்தில் கண்ணில் நீர் முட்டுகிற மாதிரி ஒரு கீர்த்தனை கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படி மூன்று வருஷம் போல ஓடியது. எங்களுக்கு அதனால் ஒரு கஷ்டமும் இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் படியில் ஞானையா சாரைப் பார்த்தால் கேலி பேசுவார். "சார், உங்க பாட்டுக்கு எங்க வூட்டுத் தவலயும் கூடச் சேந்து பாடிக்கினு கீது. அதுக்கும் ஒரு மைக்கு குடுத்துடுங்க!"

அவர் சொன்னது விளையாட்டுக்கு. ஞானையா சார் மனசில் அது முள்ளாகத் தைத்துவிட்டது. குடியிருக்கிற வீட்டில் வீட்டுக்காரருக்குத் தொந்தரவு கொடுக்கிறோமே என்று மறுகுகிற ஆள். அந்தச் சமயம் பார்த்து அவர் ஆபீஸ் சிநேகிதர் தனசிங் என்பவர் பாட்டுக் கேட்க வந்தார். அவரும் இதே பைத்தியமாம். இந்தக் கதையெல்லாம் மொட்டைமாடியில் மிளகாய் காயவைக்கும்போது ஹில்டா எனக்குச் சொல்வாள்.

"தனசிங் வந்து பாத்துட்டு, பெட்டிய ஏன் தரையில வச்சிருக்கேன்னு சண்டைக்கா. பெட்டி தரையத் தொட்டா தரையும் கூடச் சேந்து பாடுமாம். தரைக்கு என்ன பாட்டு தெரியும்? அதுக்கு ஒரே சத்தம்தான். அதான் அடிக்குரல் எல்லாம் கொழகொழன்னு கேக்குன்னு சொல்லுதார். தரையையும் பெட்டியையும் பிரிக்கணுமாம்."

"புருஷன் பொண்டாட்டியப் பிரிக்கிற மாதிரி சொல்றியே" என்றேன்.

"அதுக்கு மேலக்கா. மனுஷன் ராத்தூக்கம் இல்ல."

பிரிக்கிற வேலை நடந்தது. முதலில் நாலு நாலு செங்கல் வைத்தார். ஒன்றும் மாறவில்லை. பிறகு பஞ்சு மெத்தைத் துண்டு வைத்தார். பெட்டி குடிகாரன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்ததாம். பிறகு சைக்கிள் டியூபைச் சுருட்டிக் காற்றடித்து வைத்தார். மறுநாளே காற்றுப் போய்விட்டது. "பெட்டிக்கு மெத்தை மெத்தையா மாத்துறார்க்கா. எனக்கு ஒரு தலையணை உறை வாங்கித் தந்ததில்ல" என்றாள் ஹில்டா. கடைசியில் தனசிங் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் விளையாடுகிற ரப்பர் பந்தை இரண்டாக அறுத்துக் கவிழ்த்து, அதன்மேல் கனமான கல் பலகை, கல்லின்மேல் பெட்டி.

கல்லுக்கு எங்கே போவது? எங்கள் அடுப்படி அலமாரிக்கு வாங்கினதில் இரண்டு கடப்பைக் கல் மிஞ்சி, மாட்டுக்கொட்டகை ஓரம் கிடந்தது. ஞானையா சார் தயங்கித் தயங்கிக் கேட்டார். என் வீட்டுக்காரர், "அய்ய, எடுத்துக்குங்க சார், சும்மாதான் கெடக்குது" என்றார். ஆள் கூப்பிடுவதற்குள் பச்சையம்மா சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டாள்.

"ஐயோ, வேண்டாம்க்கா, நான் தூக்கிக்கிடுதேன்!" என்று ஞானையா சார் பின்னால் ஓடினார். அவர் கத்துவது அவளுக்குக் கேட்டால்தானே.

மாடி வீட்டுக்குள் அவள் போனது அதுதான் முதல் தடவை. நானும் கூடப் போயிருந்தேன். கல்லை இறக்கிவிட்டு, பெட்டியைப் பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள். பசுவின் கழுத்தைத் தட்டிக் கொடுப்பது போல மெதுவாகத் தட்டிக் கொடுத்தாள். ஹில்டாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. இரண்டாவது கல்லையும் கொண்டுவந்து போட்டுவிட்டுக் கீழே இறங்கும்போது பச்சையம்மா முகமெல்லாம் சிரிப்பு. "பாட்டுக்குப் பீடம் போடறாங்க அண்ணி. இனிமே நல்லா வரும்" என்றாள். அம்மனைப் பீடத்தில் ஏற்றுகிற மாதிரி என்று நினைத்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பால் கறந்தாயிற்று, தலை வாரியாயிற்று, பூ வைத்தாயிற்று. அன்றைக்கு அவரைக்காய்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பீரோவில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

மாடியில் பாட்டு ஆரம்பித்தது. எனக்குக் கேட்டது. முன்பு கேட்டதைவிட அழகாகக் கேட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக, கழுவிவைத்த மாதிரி. பரண் வாயைத் திறக்கவில்லை.

பச்சையம்மா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.

"மாடில ஊருக்குப் பூட்டாங்களா?"

இருக்கிறார்கள் என்று தலையாட்டினேன்.

"பாட்டு இல்ல?"

பாடுகிறது என்று மேலே கையைக் காட்டினேன். அவள் திரும்பி உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தாள். கன்னத்தை வைத்தாள். எழுந்து சுவரில் வைத்துப் பார்த்தாள். கூடத்துத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். மறுபடி வந்து பீரோவில் முதுகை அழுத்தி அழுத்தி உட்கார்ந்தாள். பிறகு, தெருவுக்குக் கேட்கிற அவளுடைய குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கிப்போய்க் கேட்டாள்:

"என் முதுகும் செவிடாப் பூடுச்சா அண்ணி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். நேரே தண்டவாளத்துப் பக்கம் போனாள். வேலி ஓரம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மண்ணில் காலை ஊன்றி நின்றாள். எனக்கு வண்டி வருவது தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவள் தோள் இறங்கியதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கூட்ஸ் வண்டி நீளமாகப் போனது.

"இது வருது," என்றாள். "அது மட்டும்தான் வரல."

வீட்டுக்கு வந்து கையாலும் வாயாலும் அவளுக்கு விளங்க வைத்தேன். பெட்டி. கீழே கல். கல்லுக்குக் கீழே பந்து. பெட்டி தரையைத் தொடவில்லை, அதனால் தரை அசையவில்லை. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தூக்கிக்கினு போன கல்லா?"

ஆமாம் என்றேன். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "திருட்டுக் கல்லு! என் தலமேலயே ஏறிப் போயி என் பாட்டத் திருடிக்கிச்சே!" சிரித்து முடித்து, தலையிலிருந்த பூவை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

நான் மேலே போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "வாணாம் அண்ணி. அவங்க பொட்டி, அவங்க பாட்டு. நல்லா கேக்கறதுக்குதான் இம்மாம் பாடு பட்டாங்க. நான் போயி கெடுக்கறதா?"

அன்றைக்குப் படியில் ஞானையா சார் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது அண்ணாச்சி" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் வீட்டுக்காரரும், "இன்னா சார் மாயம் பண்ணீங்க, தவல கப்சிப்னு ஆயிடுச்சே!" என்று தட்டிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு பச்சையம்மா பீரோப் பக்கமே போகவில்லை. கொட்டகையில் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வேலையில் ஒரு குறை இல்லை, முகத்தில் கோபம் இல்லை. தலை மட்டும் வாரவில்லை. பொழுது சாய்ந்து, மத்த நாள் மாதிரி செம்பை எடுத்துக்கொண்டு பால் கறக்கப் போனாள். பசு முன்னாலேயே கறக்கச் சொல்லிக் கத்திக் கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரருக்கு அந்தக் கத்தலில்தான் உறைத்தது. "இன்னாமே, பச்ச ஏன் லேட்டாக் கறக்குது? ஞாயித்துக்கெழமதானே இன்னிக்கு?"

அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பீரோவையே பார்த்தார்.

"பம்பைனா சொன்னா?"

"முத நாளே அதான் சொன்னா."

"தொரராஜ் மாமன்கிட்ட நான்தான்மே இவளத் தோள்மேல வச்சித் தூக்கிக்கினு போவேன்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார். எங்கே ஏடாகூடமாகப் பேசிவிடுவாரோ என்று நானும் பின்னால் போனேன்.

ஞானையா சார் இரண்டு பெட்டிக்கும் நடுவில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் எழுந்து பாட்டை நிறுத்தினார்.

"சார், அந்தக் கல்ல எடுத்துடுங்க."

ஞானையா சார் முகம் விழுந்துவிட்டது. "கல்லு வேணுமா அண்ணாச்சி? எடுத்துக்கிடுங்க, நான் வேற ஏற்பாடு..."

"கல்லு எனுக்கு எதுக்கு சார்? பொட்டி தரையில குந்தணும்."

"தரையில வச்சா உங்களுக்குத் தொந்தரவுல்லா? தவலை எல்லாம்..."

"தவல உருண்டு தலமேல வுழட்டும் சார்! தொந்தரவு இல்லாததுதான் இப்ப பேஜாரா கீது!"

ஞானையா சார் மனைவியைப் பார்த்தார். ஹில்டா பயந்துவிட்டாள். "அண்ணே, எங்களைக் காலி பண்ணச் சொல்றீங்களா? நேரா சொல்லிருங்க."

"அய்ய! இன்னாம்மா நீ..." என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுமே" என்றார். பச்சையம்மா பேச்சை மீறுகிறோம் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

ஞானையா சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எப்ப இருந்து கேக்காங்க?" என்றார்.

"நீங்க வந்த மொத ஞாயித்துக்கெழமையிலேர்ந்து."

"அன்னைக்குப் பெட்டியத் தட்டிக் கொடுத்தாங்களே..." என்றாள் ஹில்டா. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஞானையா சார் எழுந்து என்னோடு கீழே வந்தார். எங்கள் கூடத்துக்குள் அதுவரை வராமல், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலோடு நிற்பவர், "அக்கா, நான் இதுல சாஞ்சுக்கிடலாமா?" என்று கேட்டுவிட்டு, பேண்டோடு தரையில் உட்கார்ந்து என் பீரோவில் முதுகை வைத்தார். "ஹில்டா! இடது பெட்டிய மட்டும் கல்லுலருந்து இறக்கிட்டு, ஆர்கன் போடு!" என்று கத்தினார். மாடியில் அவளும் என் வீட்டுக்காரரும் பெட்டியை இறக்குவது கேட்டது.

பால் செம்போடு உள்ளே வந்த பச்சையம்மா, மாடி வீட்டு சார் தன் இடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றாள். அவள் கண் பீரோக் கைப்பிடிக்குப் போனது. அந்தக் கைப்பிடி கொஞ்சம் தளர்ந்து தொங்கும். அது மெல்ல நடுங்க ஆரம்பித்தது.

செம்பை அப்படியே கீழே வைத்தாள். பால் தளும்பிச் சிந்தியது. ஒரு முழம் தள்ளி, அவளும் சாய்ந்து உட்கார்ந்தாள்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பச்சையம்மா இரண்டு கையையும் அகல விரித்து அவருக்குக் காட்டினாள். "இப்பப் பெரிசு வரும் பாரு சார்." வந்தது. ஞானையா சார் தானாகவே முதுகை நிமிர்த்திக்கொண்டார். பரணில் தவலை கிணிகிணி என்றது. "ஆமா," என்றார், அவளுக்குத் தெரிகிற மாதிரி வாயைப் பெரிதாக அசைத்து. "இது நான் கேட்டதே இல்ல."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் இடது பெட்டி தரைக்கு இறங்கிவிடும். வலது பெட்டி கல் மேலேயே இருக்கும். தனசிங் ஒரு தரம் அந்த நேரத்துக்கு வந்துவிட்டார். படியெல்லாம் எதிரொலிக்கச் சத்தம் போட்டாராம். "ஒண்ணு கல்லு மேல, ஒண்ணு தரை மேல! புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? ஒரு காது சளி பிடிச்ச மாதிரி கேக்குதேடே!"

"வலது பெட்டி எங்களுக்கு. இடது பெட்டி கீழ்வீட்டுக்கு" என்றாராம் ஞானையா சார்.

பாட்டும் மாறியது. வெறும் குரல் பாட்டை மத்த நாளுக்கு ஒதுக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு என்று அடிக்குரலும் கொட்டும் உள்ள கேசட்டாகப் பார்த்துப் பார்த்து எடுத்துவருவார். பச்சையம்மாவுக்குப் பிடித்தால் மறுநாள் மாடிக்கு அரைப்படி பால் கூடப் போகும். பிடிக்காவிட்டால் அளந்த பால்தான். ஹில்டா செம்பைப் பார்த்தே, "நேத்து உங்க பாட்டு பாஸ் இல்ல" என்று புருஷனிடம் சொல்லிவிடுவாளாம்.

தொண்ணூற்று மூன்றில் அவர்கள் சேலையூரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போனார்கள். சாமான் ஏற்றுகிற அன்று ஞானையா சார் இரண்டு கல்லையும் துடைத்துக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, உங்க கல்லு" என்று வைத்தார். பச்சையம்மா அதைப் பார்த்துவிட்டு, "அந்தத் திருட்டுக் கல்லு நம்ம வூட்ல வாணாம்னு சொல்லு அண்ணி. அதையும் அவங்களோட ஏத்தி அனுப்பு" என்றாள். அவளே சும்மாடு கட்டித் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தாள். வண்டி தெரு முனை திரும்புகிறவரைக்கும் நின்றாள். பிறகு சீக்கிரமே போய் மாட்டை அவிழ்த்தாள்.

மாடிக்கு அடுத்து வந்தவர்கள் டி.வி. வைத்திருந்தார்கள். அது மேசை மேல் இருந்து பேசிக்கொண்டிருந்தது. பச்சையம்மா முதல் ஞாயிறு பீரோவில் ஒரு தரம் சாய்ந்து பார்த்துவிட்டு எழுந்துவிட்டாள். அதற்கப்புறம் நாங்கள் அந்தப் பேச்சே எடுப்பதில்லை.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஹில்டா வந்தாள். பண்டிகைக்கு அழைக்க வந்ததாகச் சொன்னாள். போகும்போது பச்சையம்மாவின் தோளைத் தொட்டு, வாயை அசைத்துச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை. சாயங்காலம். பெட்டி தரையிலதான் இருக்கு."

பச்சையம்மா ஸ்டேஷனைத் தாண்டித் தனியாகப் போனதே இல்லை. என் வீட்டுக்காரர், "காது கேக்காத பொம்பள, கெழக்கு தாம்பரம் போயி பஸ்ஸு மாறி... வாணாம், ஒரு நாள் நான் இட்டுக்கினு போறேன்" என்றார். அந்த ஞாயிறு பார்த்தால் வெயில் இறங்குமுன்னே பால் கறந்து வைத்திருக்கிறது. தலை வாரி, கனகாம்பரம் வைத்து, கையில் பால் செம்போடு கிளம்பிவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை.

அங்கே நடந்ததை ஹில்டா பிறகு சொன்னாள். புது வீட்டில் பீரோ படுக்கையறையில் இருந்ததாம். அதை அவளும் ஞானையா சாருமாக நகர்த்திக் கூடத்துக்குக் கொண்டுவந்து, இடது பெட்டிக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நிறுத்தி வைத்திருந்தார்கள். பச்சையம்மா உள்ளே நுழைந்து, பாலைக் கொடுத்துவிட்டு, ஒரு பேச்சும் பேசாமல் போய்ச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாளாம்.

இங்கே நாங்கள் இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம். விளக்கு வைத்த பிறகு காலிச் செம்பை ஆட்டிக்கொண்டு வந்தாள். என் வீட்டுக்காரர் திட்டுவதற்கு வாயெடுத்தார். அவள் அவரைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

பச்சையம்மா கொஞ்சம் யோசித்தாள். உதட்டைப் பிதுக்கி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"பரவால்ல அண்ணி. புதுத் தரதானே. இன்னும் பாடிப் பழகல."